குச்சி எரிந்து முடியும் வரை

ரங்கூன் தாமுவேயில் எங்கள் தமிழ்க் குடும்பங்களுக்குள் நடந்த பல கல்யாணங்களுக்கு ஓர் ஊதுபத்திதான் காரணம். நடக்காமல் போன கல்யாணங்களுக்கும் பெரும்பாலும் அதுவேதான். அந்த ஊதுபத்தியைக் கையில் வைத்திருந்தவரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "அப்ப எங்க பையனுக்கு எந்தக் குச்சியை ஏத்துனாங்க?" என்று இரண்டு மூன்று வீடுகளில் விசாரணைக் கமிஷன் வைத்துவிடுவார்கள். நாங்கள் அவரை அத்தை என்போம். தெருவில் இருந்த பர்மாக்காரர்கள் பெயருக்கு முன்னால் 'டோ' போட்டு மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அவருடைய மகள் ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அத்தையும் மகள் வீட்டுக்குக் குடிபோய்விட்டார். அந்த வீட்டில் கொஞ்சம் புகை வந்தாலும் கூரையில் இருக்கும் மணி அலறுமாம். பத்தி செய்கிற ஊரில் போய் உட்கார்ந்துகொண்டு ஒரு பத்தி ஏற்ற முடியவில்லை என்று போனில் புலம்புகிறார். எனக்குச் சிரிப்பு வருகிறது. கூடவே, அவர் இங்கே இல்லையே என்று வருத்தமாகவும் இருக்கிறது.

அத்தை வேதக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். இவர் ஸ்ட்ராண்ட் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். குள்ளமான உருவம், மூக்கின் நுனியில் கண்ணாடி, அதற்கு ஒரு சங்கிலி. பொழுது போகாமல் கல்யாணத் தரகில் இறங்கினார். இந்துக் குடும்பங்களுக்கு வேதக்காரத் தரகரா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்களுக்கு அதில்தான் நிம்மதி. அவர் எந்தச் சாதிக்கும் வக்காலத்து வாங்கமாட்டார். தன் தம்பி பையனை யார் தலையிலும் கட்டப் பார்க்கமாட்டார். தரகுக் கூலி என்று ஒன்றும் கிடையாது, முதல் குழந்தை பிறந்ததும் ஒரு டின் பிஸ்கட் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். அந்த பிஸ்கட்டையும் பாதி எங்களுக்கே கொடுத்துவிடுவார்.

அவரிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. பெண் பார்ப்பது பெண் வீட்டில் கிடையாது, அத்தை வீட்டில்தான். ரங்கூன் ஃப்ளாட்டுகள் ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும்: முன்னால் ஹால், நடுவில் ஒரு திரை, பின்னால் சமையல்கட்டு. பையனையும் பெண்ணையும் ஹாலில் எதிரெதிராக உட்கார வைப்பார். நடுவில் ஒரு சின்ன மேஜை, அதன்மேல் சாம்பல் நிரப்பிய மண்கிண்ணம். ஒரு ஜப்பான் பத்தியை ஏற்றி அதில் நட்டுவிட்டு, பெரியவர்கள் அத்தனை பேரையும் திரைக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு போய்விடுவார். குச்சி எரிந்து முடியும் வரை யாரும் ஹாலுக்குள் கால் வைக்கக்கூடாது. முடிந்ததும் திரைக்குப் பின்னாலிருந்து அத்தை ஒரு இருமல் இருமுவார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது, பாதி வாக்கியத்தில் இருந்தாலும் சரி.

கடிகாரம் வைத்தால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "கடிகாரத்தைப் பார்த்தா பையன் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரியே உக்காந்திருப்பான். பத்தின்னா கொஞ்சம் மனுஷனா இருப்பான்" என்றார். இன்னொரு நாள் கேட்டதற்கு, கடிகாரத்துக்கு பேட்டரி கிடைப்பதில்லை என்றார். மூன்றாவது தடவை கேட்டதற்கு, என் தலைமுடியில் பேன் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கோயில் கமிட்டியில் இருந்த ஒரு பெரியவருக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. "சாமிக்கு ஏத்துறதை மனுஷனுக்கு முன்னால ஏத்தலாமாம்மா?" என்று வாசலில் நின்று கேட்டார்.

"சாமிக்கு முன்னால யாரும் பொய் சொல்றதில்லை அண்ணே. மனுஷனுக்கு முன்னாலதான் சொல்றாங்க. எங்க தேவையோ அங்க ஏத்துறேன்."

பெரியவர் படியிறங்கிப் போனார். அடுத்த மாதம் தன் பேத்திக்கு வரன் கேட்டு அதே படியேறி வந்தார்.

பத்திகளை மகள் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஜப்பானிலிருந்து யார் ஊருக்கு வந்தாலும் அவர்கள் பெட்டியில் அத்தைக்கு ஒரு பொட்டலம் இருக்கும். நம் ஊதுபத்திக்கு நடுவில் மூங்கில் ஈர்க்கு இருக்குமே, இதற்குள் அது கிடையாது. சந்தனம், அகில், கிராம்பு, பட்டை, எல்லாம் சேர்த்துப் பிடிக்க ஏதோ ஒரு மரத்தின் பட்டைப் பொடி. நாம் கன்னத்தில் தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசுகிறோமே, அதுபோல அதுவும் தண்ணீர் பட்டால் பசையாகிவிடுமாம். கடையில் செய்கிற சென்ட் எண்ணெய் ஒரு சொட்டும் இருக்கக்கூடாது என்பது அத்தையின் கட்டளை. மகள் கடையில் நின்றபடியே பெட்டியின் பின்பக்கத்தை போனில் படித்துச் சொல்ல வேண்டும். அத்தை இங்கே தலையாட்டினால்தான் அங்கே வாங்கலாம்.

அதோடு விடமாட்டார். பெட்டி வந்ததும் முதலில் மூடியைத் திறக்காமல் முகர்வார். மூடிய பெட்டியே முகத்தில் அறைந்தால் அது சென்ட், ஓரமாக வை. திறந்து முகர்ந்தால் பழைய மர பீரோவுக்குள் தலையை விட்ட மாதிரி லேசாக இருக்க வேண்டும். ஒரு குச்சியை ஒடித்தால் வளையாமல் சட்டென்று ஒடிய வேண்டும். பிறகு ஜன்னலை இரண்டு விரல் திறந்துவைத்து, காற்றாடியை நிறுத்திவிட்டு, ஏற்றுவார். வாயால் ஊதி அணைக்கமாட்டார், கையால் விசிறுவார். எரிந்து முடிந்ததும் வெளியே போய்விட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து திரைச்சீலையை முகர்ந்து பார்ப்பார். அதுதான் கடைசிப் பரீட்சை.

"ஏத்தும்போது எல்லாம்தான் மணக்கும். போன பிறகு ரூம்ல என்ன மிச்சம் இருக்குன்னு பாரு" என்பார். இதைப் பத்தியைப் பற்றிச் சொல்கிறாரா, போன வாரம் வந்துவிட்டுப் போன மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்கிறாரா என்று சமயத்தில் எங்களுக்குப் புரியாது.

ஒரு மாப்பிள்ளையின் சித்தி அத்தையைக் கைக்குள் போட்டுக்கொள்ள நினைத்து, கிமோனோ கட்டிய பெண்ணின் படம் போட்ட பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. வாசனை மட்டும் துணி சோப்பு. அத்தை சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். அடுத்த தடவை அந்தச் சித்தி வந்து, "நான் குடுத்த பத்தியை ஏத்துறீங்களா அக்கா?" என்று கேட்டபோது, "தினமும் ஏத்துறேன்மா. அது இல்லாம எனக்கு ஒரு நாள் விடியாது" என்றார். பொய் இல்லை. கக்கூசில் தினமும் காலையில் அதைத்தான் ஏற்றினார்.

இது அவரிடம் நான் கண்ட பெரிய வித்தை. அத்தை பொய்யே சொல்லமாட்டார். ஆனால் அவர் சொல்லும் உண்மையை நம்பிப் போனால் வேறு தெருவில் போய் நிற்போம்.

சாம்பல் கிண்ணத்துக்கும் ஒரு கதை உண்டு. முதன்முதலில் அவர் எல்லாரையும் போல டம்ளரில் அரிசியை நிரப்பிக் குச்சியை நட்டார். நம் ஊதுபத்தி என்றால் மூங்கில் ஈர்க்கு அரிசிக்குள் நிற்கும், அதில் பூசிய மருந்து மேலேயே முடிந்துவிடும். இது உடம்பு முழுக்க மருந்து. அரிசிக்குள்ளும் இறங்கி எரிந்தது. அன்றைக்கு வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா, அடுப்பில் சோறு தீய்கிறது என்று சமையல்கட்டுக்கும் ஹாலுக்குமாக ஓடியதில் அந்தச் சம்பந்தம் குலைந்தது. எங்கள் அம்மா யோசனை சொல்கிறேன் என்று வாழைப்பழத்தில் குத்தினாள். மூன்று குச்சி ஒடிந்தது. "உள்ளே ஈர்க்கே இல்லாம இது என்ன பத்தி, முதுகெலும்பு இல்லாத மாப்பிள்ளை மாதிரி" என்று அம்மாவுக்குக் கோபம். நாலாவது நின்றது, ஆனால் பழத்தோல் வரைக்கும் எரிந்து அணைந்துவிட்டது. குச்சி எரிந்து முடிந்ததா இல்லையா என்று அன்று ஒரு வழக்கே நடந்தது. பிறகு போட்டாதாங் படித்துறையிலிருந்து ஆற்று மணல் வந்தது. மணலிலும் புதைந்த துண்டு அணைந்து மிஞ்சியது. கடைசியில், எரிந்த குச்சிகளின் சாம்பலையே தேநீர் வடிகட்டியில் சலித்துச் சேர்த்து வைத்தார். கிண்ணம் நிரம்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. சாம்பலில் நட்டால் அடிவரைக்கும் எரியும், சந்தேகத்துக்கு இடமில்லை.

சட்டம் எல்லாருக்கும் பொது. குச்சி பொது இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு மாப்பிள்ளைகள் தேவைப்பட்டார்கள்.

அத்தையின் பழைய டைப்ரைட்டர் பெட்டிக்குள் டைப்ரைட்டர் இருக்காது, மூன்று வகைப் பத்திகள் இருக்கும். ஒன்று சுண்டுவிரல் நீளம், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். நடுத்தரம் அரை மணி. பெரியது சாண் நீளத்துக்கு மேல், முக்கால் மணிக்குக் குறையாது. எங்கள் மாடியில் இருந்த ஒரு பெண்ணுக்குப் பெரியதை ஏற்றியிருக்கிறார். "பேச்சு தீர்ந்துபோச்சு அக்கா, குச்சி தீரலை. கடைசியில தெருவில சாக்கடை அடைச்சதைப் பத்திக்கூடப் பேசினோம்" என்று என்னிடம் சொன்னாள். அந்தச் சாக்கடைப் பேச்சில்தான் அவன் நல்லவன் என்று தெரிந்ததாம். இப்போது இரண்டு குழந்தைகள். இன்னொருத்தன் சிங்கப்பூரில் வேலை பார்த்தவன், உட்காரும்போதே தன் சம்பளத்தைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தான். அத்தை அவன் கண் முன்னாலேயே சின்னக் குச்சியைப் பாதியாக ஒடித்து ஏற்றினார். "சின்ன ரூம் தம்பி, அதிகம் ஏத்தினா தலை வலிக்கும்" என்றார். அதுவும் உண்மைதான்.

என் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அப்போது முப்பத்தொன்று. தாமுவே மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அப்பா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. கூடப் பிறந்தவர்கள் இல்லை. கல்யாணம் செய்துகொள்ள எனக்கும் ஆசைதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் போகிற இடத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இதை அம்மாவிடம் சொன்னால் "பொண்ணு வீட்டில போய் உக்கார நான் என்ன நாதியத்தவளா?" என்று வீம்பு பிடிப்பாள். அதனால் அத்தையிடம் மட்டும் சொல்லி, அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் கேட்டேன்.

"சத்தியம் பண்ணக்கூடாதுன்னு எங்க வேதத்திலயே இருக்கு. சொல்லமாட்டேன்னா சொல்லமாட்டேன், போ" என்றார்.

அப்போது அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

முதல் மாப்பிள்ளை ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். குச்சி எரிந்த நேரம் முழுவதும் கால்பந்து பேசினான். இரண்டாவது ஆள், நான் மருந்துக் கடையில் வேலை செய்கிறேன் என்று தெரிந்ததும் பையிலிருந்து தன் அம்மாவின் மருந்துச் சீட்டை எடுத்தான். எந்த மாத்திரையை எதற்குப் பிறகு கொடுப்பது என்று நான் எழுதிக் கொடுத்து முடித்தபோது இருமல் கேட்டது. மூன்றாவது ஆளிடம் "எங்க அம்மா..." என்று தொடங்கிவிட்டேன், அங்கேயே இருமல். நாலாவது தடவை உஷாராகி, உட்கார்ந்த உடனே கேட்டேன். முகம் பார்த்த முதல் நிமிடத்தில் மாமியாரையும் சேர்த்துத் தூக்கிக்கொள் என்றால் எவன் நிற்பான்? அவன் குச்சி முடியும் முன்பே எழுந்து போனான். சட்டத்தை மீறிய முதல் ஆள் அவன்தான்.

ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே வருவாள். "என் பொண்ணுக்கு என்ன குறைச்சல்? இந்தத் தரகுக்காரிக்கு ஒரு நல்ல பையன் கிடைக்கமாட்டேங்குதே" என்பாள். மோகிங்கா நூடுல்ஸ் கடை வந்ததும் அழுகையை நிறுத்தி இரண்டு பொட்டலம் வாங்குவாள். அன்றைக்கு ராத்திரி அம்மா வழக்கத்தைவிட நன்றாகச் சாப்பிடுவாள். துக்கத்தில் பசி எடுக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். எனக்குத்தான் எவ்வளவு புத்தி.

நாலாவதும் போனபின் எனக்குக் கோபம் வந்துவிட்டது. நேராகப் போய் டைப்ரைட்டர் பெட்டியைத் திறந்து காட்டிக் கேட்டேன்.

"பெரிய குச்சி இவ்வளவு இருக்கு. எனக்கு மட்டும் ஏன் அத்தை எப்பவும் சின்னது?"

"அந்தப் பெட்டியை மூடு. ஜன்னல் பக்கம் பாச்சா உருண்டை வாசனை வருது, பத்தியில ஏறிடும்."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. எனக்குக் கல்யாணம் ஆகக்கூடாதுன்னு நினைக்கிறீங்களா?"

அத்தை கிண்ணத்தை முன்னால் இழுத்து, ஒரு சின்னக் குச்சியை ஏற்றி நட்டார். கொஞ்சம் எரியவிட்டு, அதைப் பிடுங்கித் தலைகீழாகச் சாம்பலில் குத்தி, கங்கு நசுங்கக் கிண்ணத்தின் அடியில் அழுத்தினார். புகை நின்றது.

"பாதியில நிறுத்தணும்னா இப்படித்தான் செய்யணும். தண்ணியில நனைக்கக்கூடாது, கெட்டுப்போகும். மிச்சத்தை நாளைக்கும் ஏத்தலாம், அடுத்த வருஷமும் ஏத்தலாம். அணைஞ்ச குச்சி முடிஞ்ச குச்சி இல்லை" என்றார். அப்புறம் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "குச்சி முடியணும்னுதான் என் சட்டம். இத்தனை நிமிஷம்னு நான் என்னைக்காவது சொல்லியிருக்கேனா?" என்றார்.

வீட்டுப் படியேறி, சாவியைப் பூட்டில் போடும்போதுதான் எனக்கு அது உறைத்தது.

ஐந்தாவது மாப்பிள்ளை போட்டாதாங்கில் ஒரு கொடவுனில் கிளார்க். முப்பத்தாறு வயது. அப்பா அம்மா இல்லை. கல்யாணமான அக்கா கூட வந்திருந்தார். சட்டையை இஸ்திரி போட்டவன் காலரை மறந்துவிட்டிருந்தான். அத்தை சுண்டுவிரல் குச்சியைத்தான் ஏற்றினார். ஆனால் கிண்ணத்தை மேஜையின் நடுவில் வைக்காமல் என் கைக்கு எட்டும் பக்கமாக நகர்த்தி வைத்தார். "எரிஞ்சு முடியற வரைக்கும்" என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்லிவிட்டு, அம்மாவையும் அந்த அக்காவையும் ஓட்டிக்கொண்டு போனார்.

அவன் மூக்கை உறிஞ்சினான். "இந்த வாசனை எனக்குத் தெரியும். கொடவுன்ல மரப்பெட்டியை உடைக்கிறப்ப இப்படித்தான் வரும்" என்றான். இதுவரை வந்தவர்களில் ஒருத்தனுக்கும் மூக்கு என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. எனக்குப் பிடித்துவிட்டது. பிறகு அவன், "அக்கா சொல்லிக்கொடுத்ததை முதல்ல சொல்லிடுறேன், இல்லைன்னா மறந்துடும்" என்று தன் படிப்பு, வேலை, கெட்ட பழக்கங்கள் இன்மை எல்லாவற்றையும் மனப்பாடமாக ஒப்பித்தான். ஒப்பித்து முடித்தபோது குச்சி பாதிக்கு வந்திருந்தது.

நான் அதைப் பிடுங்கித் தலைகீழாகச் சாம்பலில் குத்தி அடியில் அழுத்தினேன்.

"ஏன் அணைச்சீங்க?"

"எரிஞ்சு முடியற வரைக்கும் யாரும் உள்ள வரக்கூடாது. அதான் சட்டம்."

அவன் குச்சியைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். "அணைஞ்சா முடியவே முடியாதே" என்றான். அப்புறம் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். அந்த நிமிடத்திலிருந்து எங்கள் பேச்சு பர்மா மொழிக்கு மாறிவிட்டது. எங்கள் வயதுக்காரர்களுக்கு மனசு விட்டுப் பேச அதுதான் வாகு.

அக்கா சொல்லிக்கொடுக்காத விஷயங்களை அவன் சொன்னான். தனக்குச் சமைக்க வராது, மூன்று நாளுக்கு ஒரே குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிடுகிறேன் என்றான். ஞாயிற்றுக்கிழமை யாரோடும் பேசாமலே போய்விடுகிறது என்றான். நான் கடையில் வருகிறவர்களைப் பற்றிச் சொன்னேன். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. சாக்கடை வரைக்கும் நாங்களும் போய்விட்டோம். அதன் பிறகுதான் கேட்டேன்.

"எங்கம்மா என்கூடவே இருப்பாங்க. கல்யாணத்துக்குப் பிறகும்."

அவன் சரி என்று சொல்லவில்லை. "டிவியைச் சத்தமா வைப்பாங்களா?" என்றான்.

"வைப்பாங்க."

"குறட்டை?"

"உண்டு."

"ஙாப்பி சாப்பிடுவாங்களா?"

"அந்த மீன் விழுது இல்லாம அவங்களுக்குச் சோறு இறங்காது."

அவன் கூரையைப் பார்த்து யோசித்தான். பொய்யாக உடனே தலையாட்டியிருந்தால் எனக்கு அவ்வளவு பிடித்திருக்காது. அந்த யோசனை முடியும் முன்னால் சமையல்கட்டிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"இன்னுமா எரியுது?"

"இன்னும் முடியலை" என்றார் அத்தை.

"புகை வாசனையே வரலையே அக்கா."

"நல்ல பத்திக்குப் புகை கம்மி."

தட்டுகள் நகரும் சத்தம். தேயிலை ஊறுகாய் லாபெயை எடுத்துக்கொள்ளச் சொல்லி அத்தை அந்த அக்காவை உபசரிக்கும் சத்தம். பிறகு அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். அந்த ஃப்ளாட்டில் குரலைத் தாழ்த்துவது வீண் வேலை.

"நான் சின்னக் குச்சிதானே ஏத்தச் சொன்னேன்? என் பொண்ணுக்கு எப்பவும் அதைத்தானே ஏத்துவீங்க?"

 எதிரே இருந்தவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலு மாப்பிள்ளைகள், நாலு குச்சிகள், வழியெல்லாம் அழுகை, மோகிங்கா. எழுந்துபோய்த் திரையை விலக்கினேன். அத்தை கையை நீட்டி மறித்து, "குச்சி முடியலை" என்றார்.

"தெரியும். ஏம்மா?" என்றேன் அம்மாவைப் பார்த்து.

அம்மா லாபெத் தட்டைக் கையில் வைத்திருந்தாள். அதைக் கீழே வைக்கவும் தெரியவில்லை. அந்த அக்கா வாயில் போட்டதை மெல்லாமல் எங்களையே பார்த்தார்.

"உனக்குக் கல்யாணம் ஆகணும்னுதான் வெள்ளிக்கிழமைதோறும் வேண்டிக்கிறேன்" என்றாள் அம்மா. "பார்க்க வர்ற நாள் கிட்ட வந்தா மட்டும் பயம் வந்துடுது. நீ போயிட்டா நான் யார்கூடடி சாப்பிடுவேன்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தட்டைப் பிடுங்கி எறிந்திருப்பேன். ஆனால் அழுகைதான் வந்தது.

"உன்னையும் கூட்டிட்டுப் போகலாமான்னு கேக்கத்தான் ஒவ்வொருத்தன் முன்னாலயும் உக்காந்தேன். கேக்கறதுக்குள்ள உன் குச்சி முடிஞ்சுடுச்சு."

அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு அத்தையைப் பார்த்தாள். நானும் அத்தையைப் பார்த்தேன். அவர் எங்கள் இருவரையும் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேருமே சொல்லாதேன்னீங்க. நான் சொல்லலை" என்றார்.

இத்தனை காலம் எங்கள் இரண்டு பேருடைய ரகசியத்தையும் ஒரே வயிற்றில் வைத்துக்கொண்டு, யாருக்கும் கொடுத்த வாக்கை மீறாமல், வாரத்துக்கு இரண்டு தடவை எங்கள் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது, கிள்ளலாம் போலவும் இருந்தது.

அத்தை ஹாலுக்குப் போனார். சாம்பலிலிருந்து குச்சியை எடுத்துத் தட்டி, மறுபடி ஏற்றி, கையால் விசிறி, நிமிர்த்தி நட்டார். சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்து எங்கள் மேஜைக்குப் பக்கத்தில் போட்டார். அம்மாவின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு, தோளைப் பிடித்துக் கொண்டுபோய் அதில் உட்கார வைத்தார். எரிகிற குச்சிக்கு முன்னால் ஒரு பெரியவர் உட்கார்ந்தது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

"பாதி மிச்சம் இருக்கு. மூணு பேரும் பேசி முடிங்க" என்றார். அந்த அக்காவின் முழங்கையைப் பற்றி உள்ளே அழைத்துப் போய்த் திரையை இழுத்துவிட்டார்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். குச்சியைப் பார்த்தாள், அது எவ்வளவு சின்னது என்று இப்போதுதான் கண்ணில் பட்டதுபோல. என் பக்கம் திரும்பவே இல்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு அவனிடம் கேட்டாள்.

"தம்பி, உங்க வீடு எத்தனாவது மாடி?"